‘கொட்டாங்குச்சிக் கரி’ என்று விற்கும் சதுரக் கட்டிகளை நம்பி வாங்காதீர்கள்

பார்பிக்யூவுக்குக் கொட்டாங்குச்சிக் கரி என்று சொல்லி, அச்சில் அழுத்திய சதுரக் கட்டிகளைச் சென்னையில் ஆன்லைனில் ஒருவர் விற்கிறார். 5 கிலோ பை வாங்கினேன். பெயருக்குத்தான் கொட்டாங்குச்சி, உள்ளே பெரும்பகுதி வேறு சரக்கு.

விளம்பரம் என்னவோ பிரமாதம். புகை வராது, மூன்று மணி நேரம் நின்று எரியும், தீக்குச்சி வைத்தாலே பற்றும், எல்லாவற்றுக்கும் மேல் ‘பின்சோடான் தரம்’. கிலோ 180 ரூபாய். பின்சோடான் என்பது ஜப்பானின் வாகயாமா பக்கத்தில் ஓக் மரக் கிளைகளைச் சுட்டு எடுக்கும் கரி. கிளையின் உருவம் அப்படியே இருக்கும், ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். தூளை அழுத்திய கட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயரைப் போட்டால் விலையை ஏற்றலாம், அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் அடுப்பை வைத்தோம். பற்றிக்கொண்டது உண்மைதான், சர்ரென்று பொறி பறக்கப் பற்றியது. சந்தேகமே அங்கேதான் வந்தது. கொட்டாங்குச்சிக் கரி லேசில் பற்றாது. விசிறிக்கொண்டு கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். இப்படிப் பொறி பறந்தால் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹூக்காவுக்கும் சாம்பிராணிக்கும் விற்கிற, உடனே பற்றும் வட்டக் கரிகளில் இதைத்தான் சேர்ப்பார்கள். சமையலுக்கு எதற்கு?

அப்புறம் சுடர். நன்றாகச் சுட்ட கரி கனலாகத்தான் கிடக்கும். மேலே மெல்லிய நீலச் சுடர் ஆடினால் அது கார்பன் மோனாக்சைடு எரிவது, வழக்கமானதுதான். எங்கள் அடுப்பில் ஒரு முழத்துக்கு மஞ்சள் சுடர் எழுந்தது, கறுப்புப் புகையோடு. அது அடங்கட்டும் என்று காத்திருந்தோம். சுடர் அடங்கியது, மூக்கை எரிக்கும் கந்தக நெடி மட்டும் போகவில்லை. மரத்திலும் கொட்டாங்குச்சியிலும் கந்தகம் மிகக் குறைவு. நிலக்கரியில்தான் இப்படி நெடி அடிக்கும். ராத்திரி முழுக்க ஊறிய சிக்கனில் முதல் ஈடு எடுத்தோம். அத்தை ஒரு துண்டைக் கடித்துவிட்டு, “என்னடா இது, தார் ரோட்டுல போட்டு எடுத்தியா?” என்றார். மிச்சச் சிக்கன் கேஸ் அடுப்புக்குப் போனது.

மறுநாள் சாம்பலை அள்ளும்போது மீதியும் விளங்கிவிட்டது. கொட்டாங்குச்சிக் கரியில் சாம்பல் 2, 3 சதவீதம்தான் மிஞ்சும், வெளுத்து மெத்தென்று இருக்கும். நம் ஊர் நிலக்கரியிலோ 30, 40 சதவீதம்கூடச் சாம்பல் உண்டு. எங்களுக்கு மிஞ்சியது கால் அடுப்பு நிறையச் செம்மண் நிறத்துச் சாம்பல். சில கட்டிகள் வெந்த மண்ணாக உருவம் கலையாமலே கிடந்தன. எரியாத ஒரு கட்டியைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் காட்டினேன். தினமும் கரியோடு புழங்குகிறவர் அவர். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இதுல மண்ணு இருக்கு சார். பெட்டியில போட்டா சூடே நிக்காது” என்றார்.

விற்றவருக்குப் போன் செய்தால், “உங்க கிரில்லுல காத்து ஓட்டம் சரியில்ல சார்” என்றார். சாம்பல் போட்டோவை அனுப்பினேன். பிரித்த பையைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு பதிலே இல்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, மாதமும் வருடமும் இல்லை, எம்ஆர்பியும் இல்லை. ஒரு செல்போன் எண் ஸ்டிக்கர் மட்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவையெல்லாம் கட்டாயம் அச்சிட்டிருக்க வேண்டும். பையையும் பணம் கட்டிய ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

அழுத்திய கட்டி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. கரித்தூளை மரவள்ளி மாவில் பிசைந்து ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தூளாக்கிவிட்டால் எதைக் கலந்தார்கள் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கொட்டாங்குச்சிக் கரிதான் வேண்டும் என்றால் ஓட்டின் வளைவு தெரிகிற சில்லுகளாக வாங்குங்கள், அதில் கலப்படம் செய்ய வழியே இல்லை. காங்கேயம் பக்கம் சுடுகிற கரி அப்படித்தான் வரும். தண்ணீர் ஃபில்டருக்கான கார்பன் செய்யும் ஆலைகள் அதை மொத்தமாக அள்ளிக்கொள்வதால் விலை கொஞ்சம் கூடுதல்தான். மலிவாக வேண்டுமா, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலக் கரி கரிக்கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். அமெரிக்காவில் மெஸ்கீட் என்று ஆசையாகச் சுடுவது இதே இனத்து மரத்தில்தான். கொஞ்சம் பொறி தெறிக்கும், சுவைக்குக் குறை இல்லை.

இந்தச் சதுரக் கட்டிகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சமையலுக்கு வேண்டாம். வெந்நீர் போடத்தானே என்று கதவைச் சாத்திய அறையில் மூட்டவும் வேண்டாம். எந்தக் கரிக்கும் இது பொருந்தும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் நச்சு வாயு, அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகாருக்குப் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.