முன்பல் கேப்பும் ஃபில்லிங்கும்: சில வருடம் கழித்து எப்படித் தெரிகிறது?

கேப், அதாவது செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் உறை, போட்ட புதிதில் பளிச்சென்றுதான் இருக்கும். ஐந்தாறு வருடம் போனால்தான் அதன் குணம் தெரியும். அடிக்கடி காதில் விழும் புகார், ஈறு ஓரத்தில் வரும் கறுப்புக் கோடு. உள்ளே உலோகம், மேலே பீங்கான் வைத்த கேப்பில் இது சகஜம். விளிம்பில் உலோகம் மெல்லிய பட்டையாக நிற்கும். புதிதில் அதை ஈறு மூடியிருக்கும். ஈறு அரை மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், பட்டை வெளியே வந்துவிடும். அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தால் ஈறு இன்னும் இறங்கும், கோடும் அகலமாகும். அதே இடத்தில் சொத்தையும் வரலாம் என்பதால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. சொத்தை இல்லையென்றால் அந்தக் கோட்டால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. கோடே தெரியக் கூடாது என்றால் பெரும்பாலும் கேப்பை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

இதே கேப்பின் இன்னொரு குறை, சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளை. உலோகம் தெரியாமல் இருக்க முதலில் ஒளி புகாத பூச்சு ஒன்று பூசி, அதன்மேல்தான் பீங்கானை ஏற்றுவார்கள். பல்லின் முன்பக்கத்தை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் செதுக்கியிருந்தால்தான் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். குறைவாகச் செதுக்கினால் பூச்சு அப்படியே தெரியும். இல்லையென்றால் கேப் செய்யும் லேபில் கனத்தைக் கூட்டிவிடுவார்கள், பல் துருத்திக்கொண்டு நிற்கும். 'கொஞ்சமாகச் செதுக்குங்க டாக்டர்' என்று கேட்பதில் இந்தச் சிக்கல் இருக்கிறது.

சிர்கோனியா (உலோகம் இல்லாத வெள்ளைப் பீங்கான் வகை) என்றாலே அழகு என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கடைவாய்ப் பல்லுக்கான உறுதியான வகை முன்பல்லில் மங்கலாக, உயிரில்லாமல் தெரியும். முன்பல்லுக்கு ஒளி ஊடுருவும் சிர்கோனியாவோ லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானோதான் பொருத்தம். ஆனால் ரூட் கெனால் செய்து கறுத்துப்போன பல்லோ, உலோக போஸ்ட் (வேருக்குள் இறக்கும் கம்பி) வைத்த பல்லோ அடியில் இருந்தால் கதை மாறும். ஒளி ஊடுருவும் கேப் அந்தக் கறுப்பைச் சாம்பல் நிறமாக வெளியே காட்டிவிடும். அங்கே சற்று ஒளி மறைக்கும் வகைதான் சரி. அதனால் செதுக்கிய பல்லின் நிறத்தையும் படம் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நிறம் ஒத்துப்போகாததற்குப் பெரிய காரணம், ஷேடு, அதாவது பல்லின் நிற எண், பார்க்கும் நேரம். வாயை வெகுநேரம் திறந்து வைத்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். பழைய நிறத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே பல்லைச் செதுக்கும் முன்பே, ஈரமாக இருக்கும்போது, ஜன்னல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஷேடு துண்டை (நிற மாதிரியை) பல்லுக்குப் பக்கத்தில் வைத்துச் சில நொடி பார்த்தால் போதும், உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடும். ப்ளீச்சிங் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்து ஷேடு எடுங்கள். ப்ளீச்சிங் கேப்பை வெளுக்காது.

ஒட்டுவதற்கு முன் கேப்பைச் சும்மா மாட்டிப் பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. கண்ணாடியை வாங்கி, எழுந்து நின்று, வெளிச்சத்தில் சிரித்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு நிறத்தை மாற்ற வழியில்லை.

பல் நிற ஃபில்லிங்கில் கறை வேறு மாதிரி. டீ, காபி, மஞ்சள், வெற்றிலை எல்லாமே மேற்பரப்பில் ஏறும்; குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் பழுப்பாக்கும். இதைப் பாலிஷ் போட்டே பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஃபில்லிங்கைச் சுற்றி மயிரிழை போல் பழுப்புக் கோடு இருந்தால் விளிம்பு விட்டிருக்கலாம். பாலிஷ் போட்டும் போகாவிட்டால் அந்த ஓரத்தை மட்டும் எடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள், எல்லாவற்றையும் தோண்ட வேண்டியதில்லை. பழைய வெள்ளி ஃபில்லிங் பல்லையே சாம்பலாகக் காட்டும். நிறத்துக்காக மட்டும் அதைப் பிடுங்கினால் நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

வேலை முடிந்ததும் ஷேடு எண், கேப் எந்தப் பொருள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பக்கத்துப் பல்லுக்குக் கேப் தேவைப்பட்டால் அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.