ராசியில்லாத சட்டையும் லாங்கு பஜார் ரஃபு பாயும்

என்னிடம் மாம்பழ மஞ்சளில் ஒரு சட்டை இருக்கிறது, ராசி கெட்டது. முதல் நாள் போட்டுக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனில் நின்றால் பக்கத்தில் இருந்தவர் டீ முழுவதும் அதன் மேல்தான், அடுத்த தடவை கல்யாணப் பந்தியில் ரசம், போன மாதம் பைக்கை விட்டு இறங்கும்போது கேட் கம்பியில் மாட்டி பாக்கெட்டுக்குக் கீழே ஒரு ரூபாய் காசு அகலத்துக்குக் கிழிசல். "வண்டி துடைக்க வச்சிக்கோங்க" என்றாள் மனைவி. எனக்கு மனசு வரவில்லை.

முதலில் கொண்டுபோன தையல் கடையில் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டி, தழும்பு மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்து அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒற்றை மெஷினோடு உட்கார்ந்திருக்கும் பாயைப் பற்றி நண்பன் சொன்னான். போர்டு கிடையாது, தொங்கும் துணிகள்தான் அடையாளம்.

"இன்னா தம்பி, மேலயே மிதிச்சி வச்சிருக்காங்க?" என்று அந்தத் தையலைப் பிரிக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சட்டையைப் புரட்டி, பக்கவாட்டுத் தையலின் உள் மடிப்பிலிருந்து அதே துணியின் நூலை ஒவ்வொன்றாக உருவினார். மெல்லிய ஊசியில் கோத்து முதலில் நெடுக்கே பாவு மாதிரி ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஓட்டை இருந்த இடத்தில் துணியையே நெய்துவிட்டார், ரஃபு என்பது இதுதான். அந்த இடம் மட்டும் ஒரு துளி அழுத்தமான மஞ்சளாகத் தெரிந்தது. "உள்ள இருந்த நூலு வெயில் பார்க்காதது தம்பி, நம்ம வேலூர் வெயில்ல ஒரு மாசம் போடு, சரியாயிடும்" என்றார். நூறு ரூபாய், கொடுக்கலாம்.

தைரியம் வந்து வீட்டில் உள்ள மற்ற நோயாளிகளையும் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு மாதம் பீரோவில் சாதுவாகக் கிடந்துவிட்டு, போடுகிற அன்று மட்டும் மக்கர் பண்ணும் ஒரு ஜீன்ஸ். புது ஜிப் போடச் சொன்னால், பாய் ரன்னரைக் குறட்டால் லேசாக அழுத்தினார், பல் கவ்விக்கொண்டது, இருபது ரூபாயோடு முடிந்தது. குடியாத்தம் லுங்கி ஏழு வருஷமாக என்னோடு இருக்கிறது, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும் தங்கமான பிள்ளை, விருந்தாளி கதவைத் தட்டும் நேரம் பார்த்து அவிழ்வது ஒன்றுதான் அதன் கெட்ட புத்தி. அதற்கு மூட்டுத் தையல் விட்டிருந்தது, நின்றுகொண்டிருக்கும்போதே ஓட்டிக் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

மனைவியின் ஆரணிப் பட்டுப்புடவையை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும் மகாராணி அது, மடிப்பு ஓரத்தில் கீறியிருந்தது. "வருஷக்கணக்கா ஒரே மடிப்புல வச்சா அங்கதான் போவும், அப்பப்ப பிரிச்சி மாத்தி மடிக்கச் சொல்லு. இத ஆரணியிலயே நெசவு தெரிஞ்சவங்ககிட்ட காட்டு." தெரியாத வேலையை வாங்கிவைத்துக் கெடுக்காத ஆளுக்கு இதற்காகவே ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலாம், ஆனால் நேர விஷயத்தில் அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் 'நாளைக்கு' என்றால் குறைந்தது நாலு நாள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், சில்லறையும் இருக்காது. ஐந்துக்கு நாலு. அவசரக் கல்யாணத்துக்கு நம்பிக் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் சட்டையைப் போன ஞாயிறு மறுபடி போட்டேன். கோட்டை வாசலில் பேல்பூரி வாங்கி ஒரு வாய்கூட வைக்கவில்லை, மேலே ஏதோ காக்கை. ரஃபு போட்ட இடத்தில் மட்டும் படவில்லை.