"பேரல் போச்சு" என்று சொல்லும் சர்வீஸ் கடைக்காரர்களிடம் உஷார்

கீழே கோயம்புத்தூரில் ஏர் ரைஃபிளை சர்வீஸுக்குக் கொடுக்கிற மலைக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். என் மகளின் ஸ்பிரிங் ரைஃபிளைப் பார்த்துவிட்டு, "புரி தேஞ்சு போச்சு, புது பேரல் போடணும்" என்று 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். (பேரல் என்பது குழல், புரி அதற்குள் ஓடும் சுருள் வரி.) திரும்பி வந்தது அதே பேரல்தான். முன் சைட்டுக்கு அடியில் ஒரு பழைய வெட்டு உண்டு. மேலே புதுக் கருப்புப் பூச்சு அடித்திருந்தாலும் விரல் வைத்தால் தட்டுகிறது. பழைய பேரல் எங்கே என்றால், "இரும்புக்குப் போட்டாச்சு சார்." ஜி.எஸ்.டி. பில்லும் கிடையாது, துண்டுச் சீட்டுதான்.

குன்னூர் வந்து சுட்டுப் பார்த்தால் பழைய கதையேதான். 10 மீட்டர் தள்ளி வைத்த குறி அட்டையில் பாதி பெல்லட் (ஈயக் குண்டு) இடப்பக்கம் ஒரு கொத்து, மீதி வலப்பக்கம் தாழ்ந்து இன்னொரு கொத்து. போன் செய்தேன். "உங்க ஊர் உயரம் சார், காத்து மெலிசு, அதான் குண்டு சிதறுது" என்றார் ஒருவர், கூசாமல். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், வாஸ்தவம். 10 மீட்டர் தூரத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. செய்தாலும் எல்லாக் குண்டும் சேர்ந்துதான் நகரும், இரண்டாகப் பிரியாது.

அருவங்காட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்தான் விஷயத்தை உடைத்தார். வெலிங்டன் ராணுவ முகாமில் ஆட்களுக்குச் சுடப் பழக்கியவர். "துப்பாக்கி அப்புறம் தம்பி, அட்டைய எடு" என்றார். பாப்பா சுட்டது, அவர் சுட்டது, வேறு டப்பா பெல்லட்டில் சுட்டது என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்தார். யார் சுட்டாலும், எந்தப் பெல்லட் போட்டாலும் அதே இரண்டு கொத்து. "பேரல் கெட்டா அட்டை பூரா இறையும். இது ஒவ்வொண்ணும் நெருக்கமா இருக்கு பாரு. ஏதோ ஒண்ணு ரெண்டு எடத்துல மாறி மாறி உக்காருது."

ஸ்டாக்கின், அதாவது மரக்கட்டையின், முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னும் பின்னும் உதறும். அதோடு மழைக்காலத்தில் உப்பிய மரம் பனிக்காலத்தில் சுருங்கினால் ஸ்க்ரூ சும்மா இருக்குமா? முறுக்கினார், ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டார். இரண்டு கொத்தும் ஒன்றானது. அதுவும் மையத்துக்கு மேலே விழுந்தது. பின் சைட்டைச் சில கிளிக் இறக்கினதோடு சரி. நெருக்கமாக விழுந்து இடம் மட்டும் தப்பினால் சைட் வேலைதான், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

கொத்து மேலும் கீழுமாக நீண்டால் குண்டின் வேகம் ஏறி இறங்குகிறது என்று சந்தேகப்படலாம்: பெல்லட் போடுகிற பக்கத்து வாஷரில் காற்று கசியும். சுடும்போது அதன்மேல் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்தால் துள்ளும். பக்கவாட்டில் நீண்டால் பெரும்பாலும் ட்ரிக்கரை இழுக்கிற விரல், இல்லை ரைஃபிளைச் சாய்த்துப் பிடிப்பது. ஏர் ரைஃபிள் பேரல் தேய்வதே அபூர்வம். ஓடுவது மெத்தென்ற ஈயம். வெடிமருந்துச் சூடும் கிடையாது.

எதைக் கொடுத்தாலும் பேரல் நம்பரையும் கீறல்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். மாற்றின பாகத்தைக் கையில் கேளுங்கள். அட்டைகளையும் துண்டுச் சீட்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் அடுத்து நுகர்வோர் ஆணையம்தான்.