911 எஸ்சி பின்சக்கரம்: 7 இன்ச்சா, 8 இன்ச்சா?

1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி-யின் பின்பக்கத்துக்கு ஃபூக்ஸ் வீல் (போர்ஷேயின் பழைய அலாய் வீல்) தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிப்பார்கள்: 15 இன்ச் விட்டத்தில் 7 இன்ச் அகலம், 215/60 டயர், இல்லையென்றால் 16-க்கு 8, 225/50 டயர்.

முதலாவது காரோடு வந்த அளவு. டயரின் பக்கச்சுவர் அகலமான 215-ல் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். குண்டும் குழியுமான சாலையில் பாதி அடியை அந்த ரப்பரே வாங்கிக்கொள்ளும். இரண்டாவதில் அது 112.5 தான், பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் முதுகுக்குத் தெரியும். ஆனால் வளைவில் டயர் நெளியாது.

8 இன்ச்சில் ஒரு சங்கதி உண்டு. ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம். 7-ன் ஆஃப்செட் 23.3 மில்லிமீட்டர், 8-ன் ஆஃப்செட் 10.6. கணக்குப் போட்டால், கூடுகிற ஒரு இன்ச் முழுக்க வெளிப்பக்கம்தான் போகிறது. அதனால் உரசினால் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பாடிப் பகுதி) விளிம்பில்தான் உரசும். வாங்குமுன் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். பழைய காரில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற கார் இது. வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் சுற்றும். அகலமான பின் டயர் அதைத் தள்ளிப்போடும், சரி. முன்னால் அதே 6 இன்ச் என்றால் மூக்கு வெளியே ஓடத் தொடங்கும்.

நீண்ட பயணம் போகிறவருக்கு நான் 15-ஐத்தான் சொல்வேன். பார்க்க அழகு 16, மறுக்கவில்லை. 16-க்கு மாறினால் டயர் விட்டம் 639 மில்லிமீட்டரிலிருந்து 631 ஆகக் குறைவதால் ஸ்பீடோமீட்டர் மட்டும் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.