ரசிகர் தளங்களை நம்பி விக்கியில் எழுதலாமா? பன்னிரண்டு வருட அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் பழைய படங்களுக்குப் பாடல் பட்டியல் எழுத ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பெரும்பாலும் 1940களில் இருந்து 1960கள் வரை வந்த படங்கள். பாட்டின் முதல் வரி, பாடியவர், எழுதியவர், நீளம் என்று நான்கு கட்டங்கள்தான். ஆனால் அவற்றைச் சான்றோடு நிரப்புவதற்குள் சில படங்களுக்கு ஒரு மாதம் ஓடிவிடும். நாளிதழ்களின் விமர்சனத்தில் இந்த விவரம் இருக்காது. தேடினால் வந்து நிற்பதெல்லாம் ரசிகர்கள் தாங்களாகவே நடத்தும் தளங்கள்தான். அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று புதிதாக எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த பிழை. கு. மா. பாலசுப்பிரமணியம் வேறு, கு. சா. கிருஷ்ணமூர்த்தி வேறு. இருவருமே அந்தக் காலத்துப் பாடலாசிரியர்கள். ‘சிங்கார வேலனே தேவா’ எழுதியவர் கு. மா. பா. ஒரு நாள் இரவு அவசரத்தில் இரண்டையும் கலந்து ‘கு. சா. பாலசுப்பிரமணியம்’ என்று அடித்துவிட்டேன். அப்படி ஒருவர் கிடையாது. நான் கவனிக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், வேறொரு பயனர் அந்த வரிக்குச் சான்று சேர்த்திருந்தார். சான்று ஒரு ரசிகர் தளம். திறந்தேன். அங்கேயும் கு. சா. பாலசுப்பிரமணியம். என் பிழையை அவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களையே நாங்கள் சான்றாகக் காட்டியிருக்கிறோம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. திருத்திவிட்டு, நடந்ததை உரையாடல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இது ரசிகர்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. 2008-ல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென்னமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்று இன்னொரு பெயர் உண்டு என ஆங்கில விக்கியில் விளையாட்டாகச் சேர்த்தார். நாளிதழ்களே அதை எடுத்து எழுதின. உண்மை வெளியே வரும்போது 2014 ஆகிவிட்டது.

அதனால் ஒரு தளத்தைச் சான்றாக எடுக்கும் முன் தேதியைப் பார்க்கிறேன். நம் கட்டுரையில் அந்த வரி எப்போது வந்தது என்பதை, திருத்தங்களை வரிசையாகக் காட்டும் வரலாற்றுப் பக்கம் நிமிடக் கணக்கோடு சொல்லிவிடும். தளத்தில் எப்போது வந்தது என்பதற்கு, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் இருக்கிறது. எழுத்துப்பிழையும் நல்ல தடயம். ஒரே பிழை இரண்டு இடத்திலும் இருந்தால் பெரும்பாலும் ஒன்று இன்னொன்றின் நகல்தான்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. தளத்தில் 1965-ல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ பக்கத்துக்குப் போவேன். அதற்கு இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. இருவரும் பிரிவதற்கு முன் சேர்ந்து செய்த கடைசிப் படம். அங்கே எம். எஸ். வி. பெயர் மட்டும் இருந்தால், அந்தத் தளம் படத்தின் டைட்டிலையோ இசைத்தட்டையோ பார்க்காமல் எங்கிருந்தோ எடுத்து எழுதுகிறது என்று புரிந்துகொள்வேன். இருவரும் மறுபடி சேர்ந்து 1995-ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு இசையமைத்ததையும் ஒரு தளம் பதிந்திருந்தால் மரியாதை கூடும். ராமமூர்த்தியின் பெயர் இப்படி உதிர்ந்துகொண்டே போவது எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம்.

நான் அதிகம் புழங்கியவை இரண்டு தளங்கள். பெயர் வேண்டாம். ஒன்று பார்க்க அழகானது. ஆயிரக்கணக்கான படங்கள், எந்தக் கட்டமும் காலியாக இருக்காது. இன்னொன்று ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனியாளாக நடத்துவது. எழுத்துரு பழசு, தேடும் வசதி இல்லை, பாதிக் கட்டங்களில் ‘தெரியவில்லை’ என்றோ கேள்விக்குறியோ இருக்கும். சில இடங்களில் ‘தட்டில் பெயர் இல்லை, குரலை வைத்துச் சொல்கிறேன்’ என்று குறிப்பு. முதல் மூன்று வருடம் நான் முதல் தளத்தைத்தான் பெரிதாக நினைத்தேன்.

ஒருமுறை ஒரு பாட்டை எழுதியவர் பெயர் இரண்டிலும் தவறு என்று எனக்குப் பட்டது. இரண்டு பேருக்கும் எழுதினேன். அழகான தளத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. பெரியவர் நான்காம் நாள் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பழுப்பேறிய தாள், நடுவில் பின் துருப்பிடித்த கறை, கதைச் சுருக்கத்தின் கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. அதற்கு எதிர்ப்பக்கத்தில் பாட்டு, மேலே கவிஞர் பெயர். தவறு என்னுடையதுதான். ‘தம்பி, சந்தேகம் வந்தால் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அன்று முதல் ஒரு தளத்தில் ‘தெரியவில்லை’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய படங்களில் எல்லாம் தெரியும் என்று ஒருவர் சொன்னால் எங்கோ ஊகித்து நிரப்பியிருக்கிறார்.

சரி, அவ்வளவு நம்பிக்கையான தளம் என்றால் நேராகச் சான்றாகப் போடலாமே? அங்கேதான் சிக்கல். ஆங்கில விக்கியின் விதிப்படி, ஒருவர் தானே வெளியிடும் தளத்தைச் சான்றாக ஏற்க வேண்டுமானால், அவர் அந்தத் துறை வல்லுநராகவும், அவருடைய எழுத்து ஏற்கெனவே வேறு நம்பகமான வெளியீடுகளில் வந்ததாகவும் இருக்க வேண்டும். பெரியவர் எதிலும் எழுதியதில்லை. அவரை ஏற்கலாமா என்று தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது: இவரை உங்களுக்குத் தெரியும், வாசகருக்கு எப்படித் தெரியும்? நான் அதை ஏற்றுக்கொண்டேன். மனம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் செய்வது, அவருடைய தளத்தைக் கைகாட்டியாக வைத்துக்கொண்டு மூலத்தைத் தேடிப் போவது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 2004-ல் வெளியிட்ட தமிழ்த் திரைப்பட வரலாற்றுத் தொகுப்பு, கோ. நீலமேகத்தின் ‘திரைக்களஞ்சியம்’ இரண்டு பாகங்கள், இவை அச்சில் இருப்பதால் சான்று காட்டலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன; விடுமுறை கிடைத்தால் போய் உட்கார்ந்துவிடுவேன். கண்ணால் பார்த்ததை மட்டும் மேற்கோளில் போடுகிறேன். பெரியவர் தளத்தில் படமாகப் பார்த்தேன் என்றால் அதையும் அப்படியே குறிப்பிட வேண்டும். நூலைக் கையில் வைத்திருந்த மாதிரி எழுதக் கூடாது.

மூலமும் முழு உண்மை சொல்லிவிடாது. பாட்டுப் புத்தகம் படம் வருவதற்கு முன்பே அச்சாகிவிடும். பிறகு வெட்டப்பட்ட பாட்டும் அதில் இருக்கும். இசைத்தட்டிலும் ஏமாறலாம். 1949-ல் வந்த இந்திப் படம் ‘மஹல்’. அதில் லதா மங்கேஷ்கர் பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’ பாட்டின் தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று இருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். இந்த இடத்தில் குரலைக் கேட்டே சொல்லும் ரசிகரின் காது தட்டைவிட உதவும். அதை விக்கியில் சான்றாக வைக்க வழி இல்லை, அவ்வளவுதான்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. பிறந்த தேதி, குடும்பம், உடல்நிலை எதையும் ரசிகர் தளத்திலிருந்து எடுப்பதில்லை. யாராவது சேர்த்திருந்தால் அன்றே நீக்குகிறேன்.

ரசிகர் என்றாலே ஒதுக்கும் நண்பர்களுக்குக் கிரிக்கெட் தளமான கிரிக்இன்ஃபோவை நினைவூட்டுவேன். 1993-ல் சம்பளம் இல்லாத ஆர்வலர்கள் ஸ்கோர் அட்டைகளைத் தட்டச்சு செய்து வளர்த்ததுதான் அது. 2003-ல் விஸ்டன் குழுமம் வாங்கியது, 2007-ல் இஎஸ்பிஎன். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்களின் பழைய ஸ்கோர் தாள்களை 1989-லிருந்து சேர்க்கும் ரெட்ரோஷீட்டும் தன்னார்வலர்களுடையதே. அதிகாரபூர்வக் கணக்கோடு தங்கள் கணக்கு எங்கெங்கே முரண்படுகிறது என்பதையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். அதற்கு நேர்மாறு திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி. அதுவும் 1990-ல் ரசிகர்களின் பட்டியலாகத் தொடங்கி 1998-ல் அமேசான் கைக்குப் போனது. யார் வேண்டுமானாலும் விவரம் அனுப்பலாம் என்பதால் ஆங்கில விக்கி இன்னமும் அதைச் சான்றாக ஏற்பதில்லை. நிறுவனம் வாங்கிவிட்டது என்பதற்காகத் தகவல் சரியாகிவிடாது.

போன வருடம் பெரியவரின் தளம் மூன்று வாரம் திறக்கவில்லை. முகவரிக்கான கட்டணம் கட்ட மறந்துவிட்டாராம். அந்த மூன்று வாரமும் வேபேக் மெஷினில் தேடினேன். எழுத்துகள் கிடைத்தன, தட்டுகளின் படங்களில் பல கிடைக்கவில்லை. தளம் திரும்பி வந்த அன்றைக்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சேமிக்கத் தொடங்கினேன். இதுவரை நானூற்றுச் சொச்சம் பக்கம் முடிந்திருக்கிறது. நேற்று சேமித்த பக்கத்தில் ஒரு பாட்டுக்கு எதிரே கேள்விக்குறி இருந்தது. விக்கியிலும் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.