மான்டே பெல்லோ மலையும் எங்கள் வீட்டு அலமாரியும்: ரிட்ஜ் ஒயினோடு பன்னிரண்டு வருடம்

ரிட்ஜ் என்ற கலிஃபோர்னியா ஒயின் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் மான்டே பெல்லோவைப் பற்றித்தான், அதாவது அதே பெயருள்ள மலையில் விளையும் அவர்களுடைய சிவப்பு ஒயினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருடமாக இவர்களுடைய ஒயினை வாங்கி, வருடக்கணக்கில் படுக்க வைத்து, திறந்து குடித்துப் பார்த்ததில், எங்கள் வீட்டில் அதிகம் காலியானது இவர்களுடைய இன்னொரு சிவப்பு ஒயினான கெய்சர்வில். மான்டே பெல்லோ மட்டம் என்று சொல்ல வரவில்லை, நான் குடித்த ஒயின்களிலேயே மறக்க முடியாதது அதுதான். இரண்டும் இரண்டு விதமான உறவு, அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2012ல் அந்த மலைக்குக் கீழே இருக்கும் குப்பர்டினோ ஊருக்குக் குடிவந்தோம். ஸ்டீவன்ஸ் கிரீக் அணையை ஒட்டிப் போய் மான்டே பெல்லோ சாலைக்குள் திரும்பினால் அதற்கப்புறம் வெறும் வளைவுகள்தான். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், எதிரே சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்கியபடி ஏறிக்கொண்டிருப்பார்கள். மேலே போய் இறங்கிப் பார்த்தால் சிலிக்கான் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும், தூரத்தில் விரிகுடா வெள்ளித் தகடு மாதிரி தெரியும். கோடை காலையில் கீழே மூடுபனி மூடிக் கிடக்க மேலே மட்டும் வெயில் அடிக்கும் நாட்களும் உண்டு. நாங்கள் முதல் தடவை போனது ஒயினுக்காக இல்லை, ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்குக் காட்சி காட்டத்தான். ஒரு கோப்பை வாங்கிக் குடித்துப் பார்த்தேன், அன்றைக்கு அது ஒரே துவர்ப்பு. இதற்கா இத்தனை பேர் மலை ஏறி வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்த இடத்தின் கதை தெரிந்த பிறகுதான் ஈடுபாடு வந்தது. சான் பிரான்சிஸ்கோ இத்தாலியர்கள் நடுவில் பெயர் பெற்ற மருத்துவர் ஒசியா பெரோன் 1885ல் மலையுச்சியை ஒட்டி 180 ஏக்கர் வாங்கி, சரிவைப் படிப்படியாக வெட்டித் திராட்சை நட்டார். அந்த மலையிலேயே கிடைத்த சுண்ணாம்புக் கல்லை எடுத்து ஒயின் கூடம் கட்டினார். மான்டே பெல்லோ என்ற பெயரில் முதல் ஒயின் வந்தது 1892ல். பெரோன் கட்டிய அந்தக் கூடத்தில்தான் இன்றும் வேலை நடக்கிறது. மதுவிலக்குக் காலத்தில் எல்லாம் நின்றுபோய், தோட்டம் பாழாய்க் கிடந்தது. 1940களில் வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர் பெரோன் நிலத்துக்குச் சற்றுக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த இன்னொரு தோட்டத்தை வாங்கி, சில துண்டுகளில் மட்டும் கேபர்நே சாவினான் என்ற கருப்புத் திராட்சை ரகத்தின் கொடிகளை நட்டார்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1959ல் அந்தத் தோட்டத்தை வாங்கிய நான்கு குடும்பங்களும் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துப் பொறியாளர்களின் குடும்பங்கள். டேவ் பென்னியன் முன்னால் நின்றார். இன்னொருவர் சார்லி ரோசன், பிற்பாடு ஷேக்கி ரோபோ திட்டத்தைத் தொடங்கிய அதே ரோசன். வாரம் முழுக்க ஆய்வகம், சனி ஞாயிறு மண்வெட்டி. அந்த முதல் வருடம் ஷார்ட் நட்ட கொடிகளிலிருந்து கால் பீப்பாய் ஒயின் செய்து பார்த்திருக்கிறார்கள். அது அவர்களே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக வந்துவிட்டது. 1962ல் முறையாக உரிமம் எடுத்துத் தொழிலாகத் தொடங்கினார்கள். நானும் வாரம் முழுக்கத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவன் என்பதாலோ என்னவோ, அந்த நால்வரை நினைத்தால் மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

1969ல் பால் டிரேப்பர் வந்து சேர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் தத்துவம் படித்தவர், கல்லூரியில் ஒயின் தொழில்நுட்பம் படித்தவர் இல்லை, சிலியில் ஒயின் செய்து கற்றுக்கொண்டவர். பழைய முறையில் செய்வது, குறைவாகக் கை வைப்பது, இதுதான் அவர் வழி. கடையில் வாங்கிய ஈஸ்ட் போடாமல், பழத்தோலிலும் கூடத்திலும் இயற்கையாக இருக்கும் ஈஸ்ட்டை வைத்தே நொதிக்க விடுவது. கேபர்நே என்றால் பிரெஞ்சு ஓக் பீப்பாய் என்று எல்லோரும் போய்க்கொண்டிருந்தபோது, மான்டே பெல்லோவை வெயிலிலும் மழையிலும் உலரவிட்ட அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்தார். 2016ல் ஓய்வு பெறும் வரை அந்தப் பிடியை விடவில்லை.

பாரிஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1976 மே மாதம், பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் அங்கே நடத்திய சுவைப் போட்டியில், பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்ததில், பிரெஞ்சு நடுவர்கள் கலிஃபோர்னியா ஒயின்களை முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். 1971 அறுவடையில் செய்த மான்டே பெல்லோவுக்கு அன்று ஐந்தாவது இடம். அப்போது பலர் சொன்னது, கலிஃபோர்னியா ஒயின் இளமையில் நன்றாக இருக்கும், வயதானால் தாங்காது என்று. முப்பது வருடம் கழித்து 2006ல் அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் கலிஃபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி ஊற்றினார்கள். இரண்டு ஊரிலும் முதலிடம் 1971 மான்டே பெல்லோவுக்கு. அதைப் படித்தபோதுதான் முதல் நாள் எனக்கு ஏன் துவர்த்தது என்று புரிந்தது.

காரணம் மலையிலேயே இருக்கிறது. கொடிகள் 1300 அடியிலிருந்து 2700 அடி வரை ஏறி நிற்கின்றன, பசிபிக் கடல் பதினைந்து மைல்தான், குளிர் அதிகம். நாபா பழம் மாதிரி இங்கே சர்க்கரை எகிறாது, புளிப்பு குறையாது. அடியில் உடைந்த சுண்ணாம்புப் பாறை. இதே மலையின் இன்னொரு பக்கத்தில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டிய பெர்மனென்டே குவாரி இருந்ததும், ஷாஸ்டா அணைக்குச் சிமெண்ட் அங்கிருந்து போனதும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆல்கஹால் பெரும்பாலும் 13 சதவீதத்தை ஒட்டியே நிற்கும், புளிப்பும் துவர்ப்பும் இறுக்கமாக இருக்கும், அவை தளர வருடங்கள் ஆகும்.

அதனால் என் முதல் அறிவுரை, மூன்று நான்கு வருட மான்டே பெல்லோவை வாங்கிய வாரமே திறக்காதீர்கள். நான் திறந்தேன். இருநூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதைத் திருமண நாளன்று திறந்து, அரை மணி நேரத்தில் குடித்து முடித்துவிட்டோம். கரும்பழம், மரவாசனை, அப்புறம் ஈறெல்லாம் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு, அவ்வளவுதான். அதே வருடத்து இன்னொரு பாட்டிலை எட்டு வருடம் கழித்துத் திறந்தபோது இது அந்த ஒயின்தானா என்று லேபிளை எடுத்துப் பார்த்தேன். ஈர மண் வாசனை, காய்ந்த இலை, பென்சில் சீவும்போது வருமே அந்த மணம், நடுவில் பழம் அப்படியே புதிதாக இருந்தது. காலையில் டிகான்டரில், அதாவது ஒயினைக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்து, மாலையில் குடித்தோம். என் மனைவி கோப்பையைக் கீழே வைக்காமல் வெறுமனே முகர்ந்துகொண்டே இருந்தாள்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு எஸ்டேட் கேபர்நே இருக்கிறது. அதே தோட்டத்துப் பழம்தான். துண்டு துண்டாகத் தனித்தனியே நொதிக்கவைத்து, பிறகு பெயர் தெரியாமல் சுவைத்துப் பார்த்து, சீக்கிரம் இளகுகிறவற்றை இதற்கு ஒதுக்குகிறார்கள். விலை குறைவு. ஐந்தாறு வருடத்தில் நன்றாகிவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் இதில் தொடங்குவதுதான் சரி.

இப்போது கெய்சர்வில். இது மலையில் விளைவது இல்லை, வடக்கே சொனோமாவில் அலெக்சாண்டர் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 1966லிருந்து ஒரு வருடம் விடாமல் செய்கிறார்கள். ஓல்ட் பேட்ச் என்று அழைக்கும் துண்டில் இருக்கும் கொடிகளுக்கு 130 வயதுக்கு மேல். கம்பி, பந்தல் எதுவும் கிடையாது, ஒவ்வொன்றும் முறுக்கிய கட்டை மாதிரி தனியாக நிற்கும். அந்தக் காலத்து விவசாயி ஒரே ரகத்தை நடவில்லை. ஜின்ஃபன்டெல் நடுவே கரிஞான், பெட்டீட் சிரா, அலிகான்டே பூஷே எல்லாம் கலந்து நட்டுவிட்டார். அலிகான்டே பழத்தைப் பிய்த்தால் உள்ளே சதையும் சிவப்பு. மற்ற கருப்புத் திராட்சை பெரும்பாலும் உள்ளே வெளிர் பச்சைதான், அதனால் கொஞ்சம் அலிகான்டே சேர்ந்தாலே ஒயினின் நிறம் அடர்ந்துவிடும். ஒரு ரகத்தின் பெயரை லேபிளில் போட அது 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கெய்சர்வில்லில் ஜின்ஃபன்டெல் பல வருடங்களில் அதற்குக் கீழே வருவதால், ஊர்ப் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, எந்த ரகம் எத்தனை சதவீதம் என்று முன்பக்கத்திலேயே அச்சடிக்கிறார்கள்.

லேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 அறுவடையிலிருந்து, ஒயினுக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் பின்பக்கத்தில் எழுதுகிறார்கள்: கையால் பறித்த திராட்சை, இயற்கை ஈஸ்ட், தேவைப்பட்ட வருடத்தில் புளிப்பைக் குறைக்கக் கால்சியம் கார்பனேட், பீப்பாய் ஓக், ஒயின் கெடாமல் இருக்கக் குறைந்த அளவு சல்ஃபர் டை ஆக்சைடு. சில வருடம் தண்ணீர் இத்தனை சதவீதம் சேர்த்தோம் என்றுகூட இருக்கும். சட்டப்படி இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் பொருள் பட்டியல் பார்த்து வாங்குகிற நாம் ஐம்பது டாலர் ஒயினில் அதைக் கேட்பதே இல்லை. நான் இவர்களிடம் திரும்பத் திரும்பப் போவதற்குச் சுவைக்கு நிகராக இதுவும் காரணம்.

சாப்பாட்டோடு எப்படி என்று நண்பர்கள் கேட்பார்கள். கெய்சர்வில் 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஒயின், பச்சை மிளகாய், வரமிளகாய்க் காரத்தோடு குடித்தால் நாக்கு எரியும். மிளகும் மல்லியும் தூக்கலாக உள்ள மட்டன் வறுவலுக்கு அருமையாகப் பொருந்துகிறது. கத்தரிக்காய் எண்ணெயில் வதக்கியதற்கும் சரி. பழைய மான்டே பெல்லோவுக்கு மசாலா வேண்டாம். உப்பும் பூண்டும் தடவிச் சுட்ட ஆட்டுத் தொடை போதும். கோடையில் வீட்டு வெப்பத்தில் அப்படியே ஊற்றாமல் இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள், இரண்டு ஒயினுக்குமே வித்தியாசம் உடனே தெரியும்.

வைத்துப் பாதுகாப்பதில் அடி வாங்கியிருக்கிறேன். முதல் கோடையில் நான்கு பாட்டிலைக் கராஜில் வைத்துவிட்டு ஊருக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றில் கார்க் மேலே தள்ளி, மூடித் தகட்டுக்கு அடியிலிருந்து பிசுபிசுவென்று ஒயின் கசிந்து கழுத்து முழுக்கக் காய்ந்திருந்தது. உள்ளே வேகவைத்த உலர் திராட்சைச் சுவை. நான்கும் போயிற்று. 13 டிகிரி குளிர்ப்பெட்டி வாங்கியது அதற்கப்புறம்தான். இன்னொரு வருடம் ஆகஸ்டில் கூரியரில் வரவழைத்தேன். 21 வயது நிரம்பியவர் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள், நாங்கள் இருவரும் வேலையில், பெட்டி மூன்று நாள் வேனிலேயே வெயிலில் சுற்றி வந்து சேர்ந்தது. அதில் பாதி பழுது. அன்றிலிருந்து நானே மலைக்குப் போய் எடுத்து வருகிறேன். போகும்போது இருவரில் ஒருவர் சுவைப்பதில்லை, அந்த வளைவுகளில் இறங்க வேண்டும்.

மான்டே பெல்லோவை ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் கட்டி எடுக்கும் திட்டத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன். கடை விலையைவிடக் குறைவு, ஆனால் கைக்கு வர வருடங்கள் ஆகும், வந்த பிறகும் நாம் காத்திருக்க வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுகிற வீட்டில் இது எளிதான செலவு இல்லை, வருடம் மூன்று பாட்டிலுக்கு மேல் நான் எடுப்பதில்லை. 1986லிருந்து இந்த எஸ்டேட் ஜப்பானின் ஒட்சுகா மருந்து நிறுவனத்தின் கையில் இருக்கிறது, உரிமையாளர் மாறியும் டிரேப்பர் மேலும் முப்பது வருடம் தன் முறையிலேயே செய்தார், அந்த நம்பிக்கையில்தான் முன்பணம் கட்டுகிறேன்.

கெய்சர்வில்லைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. வருடம் ஆறு வாங்கி, மூன்றை அந்த வருடமே குடித்து, மூன்றை ஏழெட்டு வருடத்துக்கு வைக்கிறேன். பத்தைத் தாண்டியதும் பழம் கொஞ்சம் மங்கத் தொடங்குகிறது என்பது என் நாக்குக்குத் தெரிந்தது. திறந்த பாட்டிலைக் கார்க் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் முடித்துவிடுங்கள்.

2013 மான்டே பெல்லோ இரண்டு பாட்டில் மிச்சம் இருக்கிறது. மழையே பெய்யாத வருடம், பழம் சின்னதாக, சாறு கெட்டியாக இருந்தது என்று அன்று மேலே ஊற்றிக் கொடுத்தவர் சொன்னது நினைவிருக்கிறது. ஒன்றை வரும் டிசம்பரில் திறக்கிறோம், ஆட்டுத் தொடைக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று.