நுரைக்கல் படுகைக்குத் துளையா, குழியா?

கடலூரிலிருந்து திருப்பூர் சலவைப் பட்டறைகளுக்கு நுரைக்கல் (எரிமலையிலிருந்து வரும், துளைகள் நிறைந்த இலேசான கல்) அனுப்பும் என் மைத்துனர், இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் கூட்டாளி ஒருவரின் நிலத்தில் எவ்வளவு கல் தேறும் என்று பார்த்துவரச் சொன்னார். துளையிடுவதா, குழி தோண்டுவதா என்பதே முதல் கேள்வி. பண்ருட்டிப் பக்கம் போர் போட்டே பழகிய எனக்குத் துளையில்தான் நம்பிக்கை இருந்தது. இரண்டையும் செய்து பார்த்தபின் குழியின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

துளை ஆழமாகப் போகும், நிலத்தை அதிகம் கிளறாது. குழிக்கு ஒரு ஜேசிபியும் இரண்டு ஆட்களும் போதும்.

தீர்மானித்தது மாதிரியின் நிலை. ஜீன்ஸ் துணியை உரசி வெளுக்க வைப்பது கைக்குள் அடங்கும் முழுக்கல். பொடியை அந்தச் சந்தையில் யாரும் கேட்பதில்லை. எரிமலைக் கண்ணாடி நுரைத்து உறைந்ததே இக்கல் என்பதால் துளைக்குழாய் அதை நசுக்கிவிடுகிறது. மேலே வந்தது பெரும்பாலும் நொறுங்கல். அதை மட்டும் பார்த்திருந்தால் நிலம் பயனற்றது என்றே எழுதியிருப்பேன். சில அடி தள்ளித் தோண்டிய குழியின் சுவரிலோ, 1257-இல் சமலாஸ் எரிமலை வெடித்தபோது வானிலிருந்து விழுந்த கல் ஏறத்தாழ ஒரே அளவில் அடுக்காகப் படிந்திருந்ததும், அதன்மேல் சாம்பலோடு கலந்து பாய்ந்து வந்த படிவு மூடியிருந்ததும் தெளிவாகத் தெரிந்தன. வாங்கத் தகுந்தது கீழடுக்கு மட்டுமே.

ஈரத்தையும் குழியே சரியாகக் காட்டியது. துளையிடும்போது ஊற்றிய தண்ணீரையே கல் குடித்துவிட்டதால் அந்த மாதிரியின் எடையை நம்ப வழியில்லை. குழியில் எடுத்ததை உடனே நிறுத்து, 105 டிகிரியில் உலர்த்தி மறுபடி நிறுத்தேன். அறையில் ஒரு வாளித் தண்ணீரிலும் சில கற்களைப் போட்டு வைத்தேன். இரவு மிதந்தவற்றில் மூன்று, காலையில் அடியில் கிடந்தன. டன் கணக்கில் விலை பேசுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுப்பார்.

குழிக்கும் எல்லை உண்டு. பொலபொலவென்ற சுவர் சரியும் என்பதால் ஆழமான குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது; படுகையின் அடித்தளத்தைத் தொட அங்கே துளைதான் வேண்டும். அவ்வாறு இரண்டையும் சேர்த்து நான் வேலை செய்தது இந்த ஒரே இடத்தில்தான் என்பதால், இறுகிப்போன படுகைக்கும் இதே முறை பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். மைத்துனருக்குக் கொடுத்த கணக்கில், குழி எட்டிய ஆழம் வரையுள்ள கல்லை மட்டுமே இருப்பாகக் காட்டினேன். அதற்குக் கீழே துளை காட்டிய மிச்சத் தடிமனைத் தனி வரியில் பென்சிலால் எழுதினேன்.